கயிறு யாரைத் தடுக்கிறது?

பழுதடைந்த படகுத்துறையில் கயிறு கட்டி ஆளைத் தடுப்பது குற்றமா என்று நம்மைக் கேட்டால், குற்றமில்லை, கட்டத்தான் வேண்டும் என்போம். ஆனால் அந்தக் கயிறு யாரைத் தடுக்கிறது? யாரை விடுகிறது? எத்தனை நாள் நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத அதிகாரம், பாதுகாப்பின் பெயரால் ஏழையின் வயிற்றில் அடிக்கும் அதிகாரமே ஆகும்.

சென்னைக் காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். 1980-களில் இயங்கத் தொடங்கிய மீன்பிடித் துறைமுகம் அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டது. உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் நிற்கும் காங்கிரீட்டின் கதி என்ன? உப்பு உள்ளே ஊறுகிறது, கம்பி துருவேறுகிறது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கிறது, காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. இந்த நோய் மேடையின் அடிப்பக்கத்தைத்தான் அதிகம் அரிக்கும். மேலே நின்று மீன் பிரிப்பவர் கண்ணுக்கு நல்ல தரையே தெரியும். ஆகவேதான் தடை வேண்டும் என்கிறோம்.

தடையில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பி நகரில், பழுது பார்த்ததாகச் சொல்லித் திறந்த நான்கே நாளில் தொங்குபாலம் அறுந்தது. 135 உயிர்கள் போயின. ஒரே நேரத்தில் எத்தனை பேரை விடலாம் என்ற கட்டுப்பாடே இல்லை என்று விசாரணைக் குழு கூறியது. முதலில் கைதானவர்களில் டிக்கெட் கொடுத்தவர்களும் வாசல் காவலாளிகளும் இருந்தனர்! நாளை ஒரு துறைமேடை இடிந்தால் அதே கதைதான். மேலே கையெழுத்துப் போட்டவர் வீட்டிலிருப்பார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒப்பந்தக் காவலாளி சிறையிலிருப்பார்.

சரி, தடை வரட்டும். யார்மீது வரும்? இரண்டு அச்சு லாரி, சுமையோடு 18.5 டன் வரை இருக்கச் சட்டம் இடந்தருகிறது. கூடை சுமந்த ஒரு தாயை 100 கிலோ என்றே கணக்கிட்டாலும், அந்த ஒரு லாரி 185 தாய்மாருக்குச் சமம். நெருக்கியடித்த கூட்டமும் பாரமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் லாரியின் பாரம் முழுவதும் ஒருசில சக்கரங்களின் அடியில் இறங்குகிறது. பாரத்துக்குப் பயந்து போடும் தடை முதலில் லாரியைத்தானே நிறுத்த வேண்டும்? நடைமுறையோ வேறு. 2020-ல் கொரோனாவின்போது காசிமேட்டில் சில்லறை விற்பனைக்குத் தடை வந்தது. மொத்த வியாபாரம் நடந்தது. அன்றைய காரணம் நோய், நியாயமான காரணம்தான். ஆயினும் கட்டுப்பாடு என்று வந்தால் முதலில் வெளியே நிற்பவர் யார் என்பதை அது காட்டிவிட்டது.

எனவே நாம் கேட்பது இவைதான்:

முதலாவதாக, மேடையின் அடிப்பக்கத்தைப் படகில் சென்று பரிசோதித்து, எந்தப் பகுதி எவ்வளவு பாரம் தாங்கும் என்று தமிழில் பலகை வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, லாரிகளைக் கரையிலேயே நிறுத்த வேண்டும். அங்கிருந்து சுமக்கும் தொழிலாளிக்குத் தூரத்துக்கேற்ற கூலி தர வேண்டும்.

மூன்றாவதாக, மூடும் நாளிலேயே மாற்று இடம் காட்ட வேண்டும். தாய்மார் உட்கார்ந்து விற்க நிழலும் தண்ணீரும் அங்கே இருக்க வேண்டும்.

நான்காவதாக, தடை உத்தரவில் திறக்கும் தேதி இருக்க வேண்டும். தேதியில்லாத தடைக்கு வெளியேற்றம் என்றே பெயர்.

ஐந்தாவதாக, யாரை எப்போது விடுவது என்று முடிவு செய்யும் குழுவில் படகுத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் மீன் விற்கும் பெண்களும் உட்கார வேண்டும்.

நேரமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. துறையில் நெரிசல் குறையும் அந்த நாட்களில், பகுதி பகுதியாகப் பழுது பார்க்கலாம். பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், வளர்க்கப்போகும் ஐந்து பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று என்று மத்திய சர்க்காரே அறிவித்ததல்லவா?

தோழர்களே! ஆத்திரத்தில் எவரும் கயிற்றை அறுத்தெறிய வேண்டாம். இடிந்து விழும் மேடையில் சாகப்போவது முதலாளியல்ல, நம் தோழர்களே. கயிறு நிற்கட்டும். ஆனால் அதனருகே நாமும் நிற்போம். எந்தப் பொறியாளர் சோதித்தார், என்றைக்குத் திறக்கும், அதுவரை எங்கே பிழைப்பது என்று தினமும் கேட்போம். எழுத்தில் பதில் வரும்வரை கேட்போம். மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-ல் மே தினக் கொடியேற்றியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். அந்தக் கரையிலே உழைப்பவனைக் கேட்காமல் ஒரு கதவும் மூடப்படலாகாது!