படம் வரைஞ்சா மார்க்கு... ஏன்னு கேட்டா?

கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு, பொறுத்தருள்க.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறா, மறுநாள் பரீட்சை. நோட்டு முழுக்க கோட்டைச் சுவர் மாதிரி ஏறி இறங்குற கோடுகள். என்.ஆர்.இசட்., ஏ.எம்.ஐ., மான்செஸ்டர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம்.

"மாமா, இதை மனப்பாடம் பண்ண ஏதாவது ஷார்ட்கட் இருக்கா?"ன்னு கேட்டா. சுருக்குன்னுச்சு. நானும் இதே படங்களை உருப்போட்டு மார்க் வாங்கினவன்தானே!

"1-னா வோல்டேஜ் மேல, 0-ன்னா கீழ. அதோட வேலை முடிஞ்சுது. அப்புறம் எதுக்கு இத்தனை முறை?"ன்னு கேட்டேன். முழிச்சா.

சரி, ஒரு விளையாட்டு. நான் கையைத் தூக்கினா 1, இறக்கினா 0. விநாடிக்கு ஒரு பிட். அவ கடிகாரம் பார்க்காம எண்ணணும். 1, 0, 1 வரைக்கும் டக் டக்னு சொன்னா. அப்புறம் கையை இறக்கிட்டு சும்மா உட்கார்ந்துட்டேன். கடைசியில "எத்தனை 0 அனுப்பினேன்?"னு கேட்டா, "20?"ங்கிறா. என் வாட்ச்படி 23.

"நடுநடுவுல கையை ஆட்டியிருந்தா நானும் சரியா எண்ணியிருப்பேன்ல"ன்னு கோவிச்சுக்கிட்டா.

அம்புட்டுதாங்க விஷயம்! மான்செஸ்டர் கோடிங்கோட உயிர்நாடியை அவளே பிடிச்சுட்டா. அதுல ஒவ்வொரு பிட்டோட நடுவுலயும் கட்டாயம் ஒரு ஏற்றமோ இறக்கமோ உண்டு. அதை வெச்சே வாங்குறவன் தன் கடிகாரத்தைச் சரி பண்ணிக்குவான். பழைய 10 மெகாபிட் ஈதர்நெட் இப்படித்தான் ஓடுச்சு. விலை? கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பேண்ட்வித்.

என் கட்சி இதுதான்: லைன் கோடிங் ஓவியப் பாடம் இல்லை, பேரம். தகவலோட சேர்த்து கடிகாரத்தையும் அனுப்ப என்ன விலை கொடுக்கலாம்ங்கிற பேரம்.

சிப் வர்றதுக்கு முன்னாடி கடையில கார்டு தேய்ச்சோமே, ஞாபகம் இருக்கா? ஒருத்தர் சர்ருன்னு இழுப்பார், இன்னொருத்தர் ஆடி அசைஞ்சு இழுப்பார். ரெண்டையும் மெஷின் படிச்சுது. காரணம், அந்தக் கறுப்புப் பட்டையில ஒவ்வொரு பிட்டோட எல்லையிலயும் காந்தத் திசை மாறும். 1-னா நடுவுலயும் ஒரு தடவை மாறும். முந்தின பிட் எவ்வளவு நேரம் எடுத்துச்சோ, அதை வெச்சு அடுத்ததை அளந்துக்கும்.

1982-ல வந்த சி.டி.யில பேரம் வேற மாதிரி. குழியோட விளிம்புகள் ரொம்ப நெருங்கினா லேசரால பிரிச்சுப் பார்க்க முடியாது, ரொம்ப விலகினா கடிகாரம் தப்பும். அதனால 8 பிட்டை 14 ஆக்கி, அவற்றை ஒட்ட வைக்க இன்னும் 3 சேர்த்து, மொத்தம் 17. ரெண்டு 1-க்கு நடுவுல குறைஞ்சது 2, அதிகபட்சம் 10 பூஜ்யம். தாராளமா செலவு பண்ணித்தான் பாட்டு கேட்டோம்.

2008-ல வந்த யூ.எஸ்.பி. 3.0-ல 5 கிகாபிட்னு போட்டிருந்தாங்க. 8-ஆல வகுத்தா விநாடிக்கு 625 மெகாபைட் வரணும். ஆனா உச்சமே 500தான். ஏமாத்து வேலை இல்லைங்க. ஐ.பி.எம்.மோட விட்மரும் ஃப்ரனாஷெக்கும் 1983-ல வெளியிட்ட முறைப்படி, 8 பிட்டுக்கு 10 பிட் அனுப்பினாங்க. அதுல ஒரே மாதிரி பிட் தொடர்ந்து 5-க்கு மேல வராது.

"பரீட்சையில படத்தைக் கேட்காம வேற எப்படிக் கேட்கறதாம்?"னு வாத்தியாருங்க சண்டைக்கு வரலாம். படம் வேணாம்னு சொல்லலை. ஆனா மான்செஸ்டர்லயே 1-ஐ ஏற்றமா காட்டுற வழக்கும் உண்டு, இறக்கமா காட்டுற வழக்கும் உண்டு. ரெண்டு புஸ்தகம் படிச்சவன் கதி? அதுக்குப் பதிலா, "வரிசையா 100 பூஜ்யம் வந்தா இதுல எதெல்லாம் தடுமாறும், ஏன்?"னு ஒரே ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்க. உருப்போட்டவன் மாட்டிக்குவான், புரிஞ்சவன் ரெண்டு வரியில முடிச்சுருவான்.

பரீட்சை முடிஞ்சு சாயந்திரம் போன் பண்ணினா. "படம்தான் மாமா கேட்டாங்க, வரைஞ்சுட்டேன்." ஏன்னு யாரும் கேட்கலையாம்.

வாத்தியார் வேலை பார்க்குற பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்லை :-)