பட்டியலில் விடுபட்ட இரண்டு

ஒரு மாநில அரசு தனக்கென்று ஒரு பறவையையும் விலங்கையும் மரத்தையும் பூவையும் அறிவிக்கும்போது உண்மையில் என்ன செய்கிறது? பலருக்கும் அது போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு வரி, அவ்வளவே. ஆனால் நிலத்தை அதன் புள்ளாலும் மாவாலும் மரத்தாலும் அடையாளம் காட்டும் மரபில் பயின்ற நமக்கு அது அத்தனை எளிய செய்தியாகத் தோன்றுவதில்லை. அந்தக் கண்கொண்டு ராஜஸ்தானின் அரசுச் சின்னங்களைப் பார்த்தால் சில கசப்பான உண்மைகள் புலப்படுகின்றன.

பட்டியல் சிறியதுதான். 1981இல் சிங்காரா என்னும் சிறுமானும், அங்கே கோடாவண் எனப்படும் பறவையும் சின்னங்களாயின. 1983இல் கேஜ்ரி மரமும், வேனில் தொடங்கும்போது செம்மஞ்சளாகப் பூக்கும் ரோஹிடாவும் சேர்ந்தன. 2014இல் ஒட்டகம் இரண்டாவது மாநில விலங்காயிற்று.

இவற்றுள் இரண்டு நமக்கு அந்நியமானவை அல்ல. கோடாவண் என்பது நம் கானமயில்; தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் ஒரு காலத்தில் வாழ்ந்த பறவை. கேஜ்ரி, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி.

கானமயில் பதினைந்து கிலோ வரை எடைகொள்ளும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. இதுவே இந்தியாவின் தேசியப் பறவையாக வேண்டும் என்று சாலிம் அலி வாதாடினார்; 1963இல் மயில் தேர்வாயிற்று. 2011இல் உலக அளவிலான செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது சேர்க்கப்பட்டது. காட்டில் எஞ்சியவை ஏறக்குறைய நூற்றைம்பது எனப் பல ஆண்டுகளாகவே மதிப்பிடப்பட்டு வருகிறது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை ஜெய்சல்மேர்ப் பகுதியில் இருப்பவை. பொதுவாக ஒரு முறைக்கு ஒரே முட்டையிடும் பறவை இது. நேர் எதிரே உள்ளதைக் காணும் ஆற்றல் அதற்குக் குறைவு. உடற்கனத்தால் சட்டெனத் திரும்பவும் இயலாது. ஆகவே மின்கம்பிகளில் மோதி மடிகிறது. அக்கம்பிகளில் பெருமளவு சுமந்து செல்வதோ, புவி வெப்பமாதலைத் தடுக்க நாம் நம்பியிருக்கும் சூரிய, காற்றாலை மின்சாரம். 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொன்னது. 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. இரு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுகிற வழக்கு இது. எளிய தீர்ப்பு எவர் கையிலும் இல்லை.

வன்னியின் கதை வேறு. மழை பொய்த்த ஆண்டிலும் பசுமை மாறாத மரம். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். 'சாங்ரி' எனும் காய் மனிதர்க்குக் கறி. பஞ்சகாலத்தில் அதன் பட்டையையே இடித்துத் தின்றிருக்கிறார்கள். 1730இல் ஜோத்பூருக்கு அருகில் கேஜர்லி சிற்றூரில், அரண்மனைத் தேவைக்காக இம்மரங்களை வெட்ட வந்தவர்களை அமிர்தா தேவி என்ற பெண் தடுத்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்தார் மரங்களைத் தழுவி நின்று வெட்டுண்டனர். இறந்தவர் 363 பேர் என்பது மரபு. அத்தகைய மரத்தை அனுமதியின்றி வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் வைத்த தண்டம் முதல் முறைக்கு நூறு ரூபாய். சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி வெட்டப்படுவதை எதிர்த்து 2024 முதல் பீகானேர் மக்கள் போராடியபோது இந்த நூறு ரூபாயும் பேசுபொருளாயிற்று.

ஒட்டகத்தின் கதைதான் நம்மை மிகவும் யோசிக்க வைக்கிறது. ராய்கா எனும் மேய்ப்பர் சமூகம் தலைமுறைகளாக ஒட்டகம் வளர்த்து வந்தது. ஒட்டகங்களை மார்வாருக்குக் கொண்டுவந்தவர் பாபூஜி என்னும் நாட்டார் தெய்வமே என்பது அவர்கள் நம்பிக்கை. கால்நடை நோயுற்றால் அவர் கதையை ஓவியத் திரை விரித்துப் பாடச் செய்வர். பெண் ஒட்டகங்களை வைத்துக்கொண்டு ஆண் கன்றுகளைப் புஷ்கர் போன்ற சந்தைகளில் விற்பதே அவர்களது வரும்படி. சின்னமாக்கிய மறு ஆண்டே, 2015இல், ஒட்டகங்களைக் கொல்வதைத் தடை செய்து, மாநிலத்துக்கு வெளியே கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நோக்கம் காப்பாற்றுவது. விளைவோ, வாங்குவார் அருகினர், விலை சரிந்தது. விற்க முடியாத விலங்கை ஏழை மேய்ப்பன் எதற்காக வளர்ப்பான்? 2012 கணக்கெடுப்பில் 3.26 லட்சமாக இருந்த ராஜஸ்தானின் ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சமாயின. டிராக்டரும் லாரியும் வந்தபோதே சரிவு தொடங்கிவிட்டது, மேய்ச்சல் நிலங்களும் சுருங்கிவந்தன என்பது உண்மை. எனினும் சட்டம் அதைத் தடுக்கவில்லை. விரைவுபடுத்தியது என்றே மேய்ப்பர்கள் சொல்கிறார்கள்.

இங்கேதான் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. கருப்பொருள்களை எண்ணும்போது தொல்காப்பியர் மாவையும் மரத்தையும் புள்ளையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அவற்றோடு உணவையும் தொழிலையும், தெய்வம் பறை யாழ் ஆகியவற்றையும் ஒரே மூச்சில் எண்ணுகிறார். மேய்ப்பவன் இல்லாத மந்தையும், உண்பார் இல்லாத காயும் அவர் கண்ட நிலத்தில் இல்லை. அரசுப் பட்டியலோ புள், மா, மரம், பூ என்று நின்றுவிடுகிறது. விடுபட்டவை உணவும் தொழிலும். கானமயிலின் புல்வெளி அரசுப் பதிவேட்டில் 'தரிசு' என்று குறிக்கப்படுவதும், ராய்காவின் தொழில் சட்டத்தின் கண்ணில் படாமல் போனதும் இந்த விடுபடலின் விளைவுகளே.

சின்னம் வெறும் சின்னம்தானே, அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றியது நாமல்ல. சின்னம் என்ற தகுதியைக் காரணம் காட்டியே ஒட்டகச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. நம் பாலை, தலைவன் கடந்து செல்லும் வழி. அங்கே வாழ்வது அரிது என்பதே அதன் உரிப்பொருளான பிரிவுக்கு வலுவூட்டுகிறது. தார் அப்படியன்று. உலகின் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் அது ஒன்று. அங்கே மணலும் முள்மரமும் யாரோ ஒருவருடைய சோறு. பிஷ்னோய்கள் மானையும் மரத்தையும் காத்தது அவை சின்னங்கள் என்பதால் அன்று. தம் வாழ்க்கைமுறைக்குள் அவற்றுக்கும் இடம் வைத்திருந்ததால். பட்டியலில் அந்த இடத்தையும் எழுதிச் சேர்க்காதவரை, அரசு முத்திரையிட்டுப் போற்றும் ஒவ்வோர் உயிரும் நிலத்திலிருந்து பெயர்ந்து சுவரொட்டியில் குடியேறிக்கொண்டுதான் இருக்கும்.