கதையில் கூலி எங்கே?

உழைப்பாளி மக்கள் பட்ட அடியையும் பசியையும் சொல்லும் நாவல்களும் படங்களும் வருகின்றன. வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் கண்ணீர் விட்டதோடு நம் வேலை தீர்ந்துவிடுமா? அடித்தவன் ஏன் அடித்தான் என்று அந்தக் கதை சொல்கிறதா? இதுதான் தொழிலாளி கேட்கவேண்டிய முதல் கேள்வி.

வெண்மணியையே எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் அந்தச் சேரியில், இராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் செய்த குற்றம் என்ன? நெல் கூலியை உயர்த்தக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். சேரியில் பிறந்தவர்கள் மிராசுதார் முன் நிமிர்ந்து நின்றார்கள்.

இந்தக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது. 1977இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. படித்தவர்கள் மறந்துவிட விரும்பியதை அந்த நாவல் பேசியது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மிராசுதாரின் வெறிக்கு அது காட்டும் வேர் எது? அவனுடைய ஆண்மைக் குறைவாம்!

ஒரு மனிதனின் உடற்குறைதான் காரணமென்றால், மிராசுதார்கள் கூடி நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தது ஏன்? வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தது ஏன்? கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்ததே, அது எந்த உடற்குறையால்? நிலம் யார் கையில் என்று பார்க்காத கதையில் இவற்றுக்கு விடை கிடைக்காது.

பாரதி கிருஷ்ணகுமாரின் ‘இராமையாவின் குடிசை’ என்ற ஆவணப்படத்தை (2005) இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே அன்றைய கொடுமையை அனுபவித்த மக்களே பேசுகிறார்கள். கூலியும் கொடியும் சாதியும் அவர்கள் வாயாலேயே வெளிவருகின்றன.

ஆலைத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மேஸ்திரி கெட்டவன், முதலாளி நல்லவர், கடைசியில் மனம் மாறிக் கைகுலுக்குகிறார் என்று முடியும் படங்களை நாம் பார்த்ததில்லையா? போனஸ் எங்கே போயிற்று என்று மட்டும் அந்தப் படம் சொல்லாது.

ஆகவே, தோழர்களே! படியுங்கள், பாருங்கள். பிறகு படிப்பகத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இரத்தம் எவ்வளவு கொட்டியது என்று அளக்க வேண்டாம். கூலி எங்கே, நிலம் எங்கே, சங்கம் எங்கே என்று கேளுங்கள். வெண்மணித் தியாகிகள் பரிதாபத்துக்காகச் சாகவில்லை. உரிமைக்காகச் செத்தார்கள். அதைச் சொல்லும் எழுத்தே நம் எழுத்து.