வாந்திக்கு இஞ்சி நல்லதுதான்... ஆனால் இப்போது வேண்டாம்!

"வைத்தியரய்யா, தம்பிக்கு வேலூர்ல ஸ்டெம் செல் மாத்தப் போறாவ. அதுக்கு முந்தி கொடுக்குற கீமோவுல குடலையே புரட்டுமாமே! இஞ்சி லேகியம் கிண்டிக் கொடுங்க" என்று இலஞ்சியிலும் கேட்டு வருகிறார்கள்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். இஞ்சியின் அருமை எனக்குத் தெரியும். இருந்தும் என் பதில், "வேண்டாம்" என்பதுதான்.

ஏன்? மாற்று சிகிச்சைக்கு முன் பல நாள் தரும் கடும் கீமோ, பழைய மஜ்ஜையைக் காலி செய்துவிடும். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போகும். காய்ந்த மூலிகையிலும் தேனிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துக்களும் கிருமிகளும் நம்மை ஒன்றும் செய்யாது. அந்த நோயாளிக்கோ உயிருக்கே ஆபத்து! தட்டணுக்களும் குறைந்திருப்பதால் ரத்தக்கசிவு பயம் வேறு.

அப்படியானால் வாந்திக்கு என்ன வழி? வருமுன் காப்பதுதான். கீமோ பட்டதும் குடல் செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியே மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. இதைத் தடுப்பவை ஒண்டான்செட்ரான், கிரானிசெட்ரான். பின்னால் வரும் வாந்திக்கு அப்ரெபிடன்ட், டெக்சாமெதசோன், ஓலன்சபின் துணை நிற்கும். வாந்தி வந்தபின் ஓடுவதல்ல; கீமோ ஏறுமுன்பே மருந்து உள்ளே போக வேண்டும். கீமோ தரும் ஒவ்வொரு நாளும் தொடர வேண்டும்.

ஓலன்சபினைப் பார்த்து, "இது மனநோய் மாத்திரையாச்சே!" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். தப்பு! குமட்டலை அடக்கவும் அது நல்ல மருந்து. பகல் தூக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாதாரண கீமோவில் 10 மி.கி.க்குப் பதில் 2.5 மி.கி. போதும் என்று மும்பை டாடா மருத்துவமனை ஆய்வு 2024ல் காட்டியது. மாற்று சிகிச்சையில் எவ்வளவு என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

இஞ்சியின் நிலை? 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 576 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. வாந்தி மருந்தோடு இஞ்சி மாத்திரையும் சேர்ந்தபோது முதல் நாள் குமட்டல் குறைந்தது. கவனியுங்கள்: அது துணை மருந்து, மாற்று மருந்தல்ல.

வீட்டார் செய்ய வேண்டியது இதுதான். பஸ் பயணத்தில் வாந்தி வருமா, மசக்கையில் அதிகம் அவதிப்பட்டாரா, முந்தைய கீமோவில் எப்படி இருந்தார் என்பதை முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்ற தயக்கம் வேண்டாம். தாளிப்பு, சென்ட் வாசனை அருகில் வராமல் பாருங்கள். டாக்டர் அனுமதித்த உணவைச் சூடு ஆறியபின், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

புது மஜ்ஜை துளிர்த்து, டாக்டரும் 'சரி' சொல்லட்டும். அப்புறம் இஞ்சித் துவையலுக்கு இலையில் இடம் உண்டு!