டொமைன் ஆரின்ட பேரில?

எங்கட பழைய தளத்துக்கு டொமைன் எடுத்துத் தந்தது தெரிஞ்ச அண்ணா ஒராள். முதல் வருசம் மலிவு எண்டதை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். அவர் வெளிநாடு போனார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்களும் அவரோடயே போயிட்டுது. முகவரி காலாவதியாகி, பேந்து வேறாரோ வாங்கிவிட்டார்கள்.

பதிவு நிறுவனத்தை, விட்டுப்போகும் வழி எவ்வளவு சுலபம் என்பதை வைத்தே எடைபோட வேண்டும் என்கிறோம். டொட் கொம் விற்பவருக்கு ஐகான் அங்கீகாரம் இருக்கா எண்டு அதன் பட்டியலிலேயே பார்க்கலாம். ஆனால் அது மட்டும் காணாது: 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை நிறுவனம் அந்த அங்கீகாரத்தை இழந்தது, வாடிக்கையாளர்கள் தங்கள் பெயர்களை மீட்க அலைந்தார்கள்.

ஆகவே காசு கட்ட முதல் மூன்று கேள்விகள். இரண்டாம் வருசம் எவ்வளவு? வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டால், ஐகான் விதிப்படி 5 நாட்களுக்குள் மாற்றக் குறியீடு தருவார்களா? உரிமையாளர் என்ற இடத்தில் ஆரின்ட பெயர், ஆரின்ட மின்னஞ்சல்?

மூன்றாவதை நாங்கள் கேட்கேல்லை. நீங்கள் இண்டைக்கே பாருங்கோ.