பயண அனுமதியும் படியெடுப்போர் பிழையும்

நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்குக் கப்பலிற் செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். நம் மாணவர் பலர் விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் பேருந்துப் பயணத்தினும் இது குறுகியதே. ஆயினும் இடையே கிடப்பது அயல்நாட்டெல்லை. அதனைக் கடக்கக் கடவுச்சீட்டோடு மின்வழிப் பயண அனுமதியும் வேண்டும். ஈ.டி.ஏ. என மூன்றெழுத்தால் வழங்கும் அம்முறையினை இலங்கை அரசினர் 2012-ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கினர். வீட்டிலிருந்தவாறே கைப்பேசியில் விண்ணப்பித்து, மின்னஞ்சலில் விடை பெறலாம். எளிதன்றோ எனின், எளிதே. அவ்வெளிமையே எம்மைக் கெடுத்தது.

சென்ற ஆண்டு எம் வகுப்புத் தோழர் ஒருவருடைய பாட்டியாரின் தமக்கையார் யாழ்ப்பாணத்தில் இறந்தார். அவ்வம்மையார் 1964-ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன், அத்துறையிற் கப்பலேறித் தலைமன்னார் சென்று வாழ்க்கைப்பட்டவர். அடக்க ஆராதனைக்குச் செல்ல வேண்டியவர் ஐவர். தங்குவது மூன்றே நாள். விண்ணப்பம் எழுதும் பணி எம்மிடம் வந்தது. வீட்டில் ஆங்கிலமும் கைப்பேசியும் அறிந்த இளையவன் எவனோ அவன் தலையில் இத்தகைய வேலையெல்லாம் விழுதல் இக்கால வழக்கு. "தம்பி, நீயே போட்டுவிடு" என்று பெரியோர் கூறுங்கால் எமக்குச் சிறிது பெருமிதமும் உண்டாயிற்று, அதனை மறைப்பானேன்?

ஐந்து கடவுச்சீட்டுக்களின் நிழற்படங்களும் வாட்ஸ்அப் வழியே வந்தன. நள்ளிரவில் அவற்றைப் பார்த்து எழுதினோம். பாட்டியாரது படத்தில் விளக்கொளி பட்டு ஓரிடம் வெளுத்திருந்தது. மூன்று என்னும் எண் எமக்கு எட்டாகத் தோன்றிற்று. அனுமதியும் விரைவில் வந்தது. மறுநாட் காலை துறைமுகத்தில் அலுவலர் இரு தாள்களையும் ஒப்பிட்டார். நால்வர்க்கு ஒத்தது, பாட்டியார்க்கு ஒக்கவில்லை. திருத்திய விண்ணப்பத்திற்கு விடை வருமுன் கப்பல் புறப்பட்டுவிட்டது. அடுத்த நாட் கப்பலில் பேரனோடு சென்ற அவர் கண்டது தமக்கையின் முகமன்று, புதுமண்ணே.

தமிழ் பயிலும் எமக்கு இப்பிழையின் இயல்பு தெரியாததன்று. ஏடு பெயர்த்தெழுதியோர் ஓரெழுத்தைப் பிறிதோரெழுத்தாக மயங்கியமையால் நூல்களிற் புகுந்த பாடபேதங்களை நாள்தோறும் கற்கின்றோம். மூல ஏட்டை விடுத்துப் படியைப் பார்த்துப் படியெடுப்பின் பிழை பெருகும் என்று தேர்விலும் எழுதியிருக்கின்றோம். எழுதிய கையே நிழற்படத்தைப் பார்த்து எண்ணைக் குறித்தது! நம் நாட்டுக் கடவுச்சீட்டின் எண்ணாவது ஆங்கில எழுத்தொன்றும் இலக்கம் ஏழும். எட்டே இடங்களைச் சரிபார்க்க யாம் செலவிடாத நேரம் அரை நிமிடமும் இராது.

சிலர் இதனைக் கேட்டு, "இயந்திரத்துக்குக் கண்ணில்லை; முகம் பார்க்கும் அலுவலராயின் முதியவள் என இரங்கி விட்டிருப்பார்" என்றனர். இக்கூற்றில் யாம் முழுதும் உடன்படோம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரை மண்டபம் முகாமில் நோயச்சங் கருதிச் சில நாள் தடுத்து வைத்துச் சோதித்தவர்கள் முகம் பார்த்த மனிதரே. முகம் பார்ப்பதனால் மட்டும் இரக்கம் பிறந்துவிடாது. இயந்திரம் எவர்க்கும் ஒரே அளவுகோல் வைக்கின்றது என்பது அதன் நன்மை. ஆயினும் எழுத்துப்பிழை வேறு, பொய் வேறு. இவ்விரண்டையும் அது பிரித்தறியாது. ஆதலின் ஓரெண் பிழையை உடனே திருத்துதற்கு ஒரு மேசையும் ஓர் ஆளும் துறைமுகந்தோறும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

தமிழ்ப் பெயர்கட்கு இன்னுமோர் இடருண்டு. விண்ணப்பம் குடும்பப் பெயர் எது என வினவும். நமக்கேது குடும்பப் பெயர்? கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் இன்றிருந்து இவ்விண்ணப்பத்தை நிரப்பின் என் செய்வார்? சி. என்பது சிறுப்பிட்டி என்னும் ஊர், வை. என்பது தந்தையார் வைரவநாதர். ஏட்டுப் பிழைகளோடு வாழ்நாள் முழுதும் போராடிய அப்பெரியாரும் இக்கட்டத்தின் முன் சற்றே திகைத்திருப்பார் என்று எண்ணுங்கால் எமக்குச் சிறிது ஆறுதல். ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட கடவுச்சீட்டினரைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபொழுது நம்மவர் பட்ட கலக்கம் பலர்க்கும் நினைவிருக்கும். இதற்கு வழி, கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரு வரிகளை நோக்குவதே. வரியொன்றுக்கு 44 இடங்கள். முதல் வரியில் நாட்டுக் குறியின் பின் குடும்பப் பெயரும், அம்புத்தலை போன்ற இரு குறிகளுக்கு அப்பால் இட்ட பெயரும் நிற்கும். இயந்திரம் படிப்பது அதனையே. யாமும் அதனையே பின்பற்றுதல் தகும். ஊரார் அழைக்கும் பெயர், சான்றிதழிலுள்ள பெயர் எல்லாம் ஆண்டுப் பயன்படா.

முன்பு சென்று வந்தவர் சொல்லை நம்பி நடப்பதும் ஏற்றதன்று. 2024 ஏப்பிரலில் இலங்கையில் இவ்வேலை பிறநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகஸ்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனை இடைக்காலமாக நிறுத்தியது. பின்னர்ப் பழைய முறையே மீண்டது. ஓராண்டிற்குள் இத்துணை மாற்றம்! அரசினர் தளம்போற் காட்சி தந்து மிகைப்பணம் பறிக்கும் தளங்களும் உள. ஆதலின் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் அரசினர் தளத்தையே நேரிற் காண்டல் வேண்டும்.

இன்னொன்று. அனுமதி என்னும் சொல்லே நம்மை மயக்குகின்றது. மின்னஞ்சலில் வருவது கரை நோக்கிப் புறப்படுதற்கு இசைவு மட்டுமே. 30 நாள் தங்குதற்குரிய விசா, கரையிறங்கிய இடத்தில் அலுவலர் தருவது. இவ்வேறுபாட்டை அறியாமல், மின்னஞ்சல் வந்தவுடன் எல்லாம் முடிந்ததென்று கைப்பேசியை மூடிவைத்தோம். வந்த விடையிலேனும் எண்ணை ஒருமுறை படித்திருப்பின் பிழை அன்றிரவே வெளிப்பட்டிருக்கும்.

ஈண்டு யாம் வற்புறுத்துவது ஒன்றே: பயணம் செய்வார் அருகில் இராதபோது அவர் விண்ணப்பத்தைப் பிறர் எழுதலாகாது. எழுத்தறியா முதியவராயினும் பக்கத்தில் அமர்தல் வேண்டும். செல்பவர் அவர்; தடுக்கப்படின் துறைமுகத்தில் நிற்பவரும் அவரே.

இவ்வாண்டு நினைவு ஆராதனைக்குப் பாட்டியார் மீண்டும் யாழ்ப்பாணம் செல்ல விரும்பினார். எம்மைச் சினந்து ஒரு சொல்லும் கூறாத அவர், எழுதுதற்கும் எம்மையே அழைத்தார். பெட்டியில் வேதப்புத்தகத்தோடு வைத்திருந்த கடவுச்சீட்டை எடுத்து, கண்ணாடி அணிந்து, இலக்கத்தின் கீழ் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார், யாம் எழுதினோம். அவ்விடம் வந்ததும் விரலை எடாமல் எம் முகத்தை நோக்கி, "மூன்று, தம்பி" என்றார்.