குலசையில் எதை அளப்பது?

குலசை என்கிற குலசேகரன்பட்டினம் என்றதும் தசராதான் நினைவுக்கு வரும். காளியாகவும் குறவராகவும் வேடம் கட்டிய பக்தர்கள் முத்தாரம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் திரளும் ஊர் அது. அதன் அருகே அமையும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 986 கோடி ரூபாய். நிலம் 2,200 ஏக்கருக்கு மேல். ஆண்டுக்கு 24 ஏவுதல்கள் வரை நடக்கலாம் என்கிறது இஸ்ரோ.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் குலசையைத் தேர்ந்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். துருவப் பாதையில் செல்லும் செயற்கைக்கோளுக்கு அதனால் பெரிய ஆதாயம் கிடையாது. உண்மைக் காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் தீவு குறுக்கே நிற்கும். வளைந்து போக வேண்டும். பெரிய ராக்கெட்டான பிஎஸ்எல்வி அந்த எரிபொருள் செலவைத் தாங்கும். 120 டன் எடையுள்ள, 500 கிலோவை மட்டுமே சுமக்கும் சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி தாங்காது. குலசை அதற்கான தளம். குலசையின் தெற்கே வெறும் கடல்தான்.

இனி சூழலுக்கு வருவோம். ராக்கெட் என்றாலே கரியமில வாயுக் கணக்கைத் தூக்கிவருவது பழக்கமாகிவிட்டது. பக்கத்திலேயே உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் திட்டம். அது முழுவீச்சில் இயங்கினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரி எரியும். அதன் முன் ஒரு சிறு ராக்கெட்டின் கரியமில வாயு கணக்கிலேயே வராது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்எல்வியின் மூன்று நிலைகளும் திட எரிபொருளில் ஓடுபவை. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பசையில் கலந்த எரிபொருள் அது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினிய ஆக்சைடுத் துகளும் வெளிவரும். முதல் நிலையில் மட்டும் சுமார் 87 டன் எரிபொருள் உண்டு. வழக்கமான கலவை விகிதத்தை வைத்துப் பார்த்தால் அதிலிருந்து ஏறக்குறைய 18 டன் ஹைட்ரஜன் குளோரைடு. பெரும்பகுதி உயரத்தில் கலைந்துபோகும், ஒரு பங்கு ஓசோன் படலம் வழியாகவே. ராக்கெட் தரையை விட்டு எழும் முதல் சில விநாடிகளின் புகைதான் ஊருக்குள் தங்கக்கூடியது. ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

அமெரிக்காவின் கென்னடி ஏவுதளத்தில் விண்ணோடம் கிளம்பிய நாள்களில் மேடையருகே செடிகள் கருகின, பக்கத்துக் காயலில் மீன்கள் செத்து மிதந்தன. ஆனால் விண்ணோடத்தின் இரு பூஸ்டர்களில் இருந்தது சுமார் 1,000 டன் திட எரிபொருள். ஒலியை அடக்கக் கொட்டிய தண்ணீரும் அமிலமாகித் தெறித்தது. ஒரு எஸ்எஸ்எல்வியை அதோடு ஒப்பிட்டு மீனவர்களைப் பயமுறுத்துவது நேர்மையல்ல. அதேசமயம் 87ஐ 24ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,000 டன்னைத் தாண்டுகிறது. ஆண்டுதோறும் இரண்டு விண்ணோடங்கள் கிளம்பியதற்குச் சமமான எரிபொருள், சிறு சிறு தவணைகளாக. ஒரு ஏவுதலை மட்டும் வைத்துப் பாதிப்பு இல்லை என்று சொல்லும் எந்த அறிக்கையும் அதனால்தான் பாதிக் கணக்கு.

காற்றும் கணக்கில் சேர வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தேரிக்காட்டுச் செம்மணலே கடல் பக்கம் பறக்கும். புகையும் அப்படியே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்று நிலத்தை நோக்கி மழையோடு வரும். ஒரே ராக்கெட், ஒரே புகை. ஆனால் முன்னதில் கடலுக்கு, பின்னதில் பனங்காட்டுக்கும் கிணற்றுக்கும். தேரி மணல் தண்ணீரை உடனே உள்ளே இழுத்துக்கொள்வது. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. பதநீர் இறக்கும் பருவத்தில் திறந்த கலயத்தில் என்ன விழுகிறது என்பது பனையேறிக்குச் சின்ன விஷயமல்ல. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்த தமிழக அரசுக்கு இது புரியாததும் அல்ல.

மணப்பாடு, பெரியதாழை மீனவர்களின் கவலை நாள்களின் கணக்கில் இருக்கிறது. கிழக்குக் கடலின் 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. ஃபைபர் வள்ளங்கள் அந்த நாள்களிலும் தொழிலுக்குப் போகும். ஏவும் நாளில் பாதுகாப்புக்காகத் தடுக்கப்படும் கடலுக்குள் யாரும் போக முடியாது. ஏவுதல் தள்ளிப்போனால் அதற்கும் ஒரு நாள். இந்த இழப்பைச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் சேர்ப்பதா, சமூகத் தாக்கத்தில் சேர்ப்பதா என்று அலுவலகங்கள் வாதிடலாம். மீன்பாடு இல்லாத வீட்டில் அடுப்புக்கு அந்தத் தலைப்பு தெரியாது.

ஏவுதளம் வந்தால் இயற்கை பிழைக்கும் என்றும் ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆள் நடமாட்டம் தடுக்கப்பட்டதால் ஸ்ரீஹரிகோட்டாவின் காடு தப்பியது. கென்னடி மையத்தைச் சுற்றி 1963 முதல் வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தக் காட்டுக்கு விலையாக அங்கு வாழ்ந்த யானாதிப் பழங்குடி மக்கள் இடம்பெயர்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் இந்த மாதங்கள்தான் அளவெடுக்க ஏற்றவை. கிணறுகளின் அமிலத்தன்மை, பனையோலையில் குளோரைடு, மண்ணில் அலுமினியம், கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் எண்ணிக்கை, வள்ளம் ஒன்றுக்குக் கிடைக்கும் மீன். இவற்றை முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே, ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக, ஊராட்சிப் பலகையில் எழுதிவைக்க அதிகச் செலவாகாது. அந்த முதல் புகை கலைந்த பிறகு எடுக்கும் மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இருக்காது.